டு-லோயர் செயற்கூறு ஊத்துக்குளியைச் ‘சத்துக்குளி’ ஆக்கியது ஏன்? சி மொழியின் எழுத்துச் செயற்கூறுகளை எங்கே நம்பலாம்?

கேள்வி இதுதான். விண்டோஸ் கணினியில் ஓடும் ஒரு சி நிரலுக்கு வாடிக்கையாளர்களின் ஊர்ப் பெயர்கள் ஆங்கிலத்திலும் தமிழிலும் கலந்து யூடிஎஃப்-8 குறிமுறையில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறைகளில் ஒன்று) வருகின்றன. தேடுவதற்கு வசதியாக எல்லாப் பெயர்களையும் டு-லோயர் செயற்கூற்றின் வழியே சிறிய எழுத்துக்கு மாற்றினால், ஆங்கிலப் பெயர்கள் சரியாக மாறுகின்றன. கரூரும் பவானியும் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஊத்துக்குளி ‘சத்துக்குளி’ ஆகிவிடுகிறது, ஈரோடு உடைந்து கட்டங்களாகத் தெரிகிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத தமிழில் இது எப்படி நடக்கிறது என்றும், இந்தச் செயற்கூறுகளை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

திருப்பூரில் நூல் கிடங்குகளுக்கான இருப்புக் கணக்கு நிரல்களை எழுதுவதும், மாலை வேளைகளில் மாணவர்களுக்குச் சி மொழி சொல்லித்தருவதும் என் வேலை என்பதால், தமிழும் ஆங்கிலமும் கலந்த உரையோடுதான் நாள்தோறும் பழகுகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டு-லோயர் போன்றவற்றை அறிவிக்கும் சி-டைப் தலைப்புக் கோப்பில் உள்ள செயற்கூறுகளுக்கு எழுத்து என்றால் ஒரு பைட், அதாவது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண், அவ்வளவுதான். அந்த பைட் எந்தக் குறிமுறையைச் சேர்ந்தது என்பதை நிரல் எழுதுபவர் தெரிந்து வைத்திருக்கும் வரை அவற்றை முழுமையாக நம்பலாம்.

உங்கள் ஊத்துக்குளியை பைட் பைட்டாகப் பிரித்துப் பார்ப்போம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. யூடிஎஃப்-8 குறிமுறையில் இந்த இடங்கள் ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்ளும்; முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவதுதான் 128-க்கும் 191-க்கும் இடையில் மாறுவது. ‘ஊ’ என்பது 224, 174, 138. ‘ச’ என்பது 224, 174, 154. இரண்டுக்கும் மூன்றாவது பைட்டில் மட்டுமே வேறுபாடு, அதுவும் சரியாக 16. இப்போது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸின் 1252 குறிமுறையை எடுத்துக்கொண்டால், அதில் 138 என்பது மேலே கொக்கியிட்ட ஐரோப்பியப் பெரிய எஸ் எழுத்து, 154 என்பது அதன் சிறிய வடிவம். உங்கள் நிரல் தொடக்கத்தில் லொக்கேலை, அதாவது மொழி, நாடு சார்ந்த அமைப்பை, மாற்றும் செட்-லொக்கேல் செயற்கூற்றை வெற்றுச் சரத்தோடு அழைத்திருக்க வேண்டும். இந்திய ஆங்கில அமைப்பில் உள்ள விண்டோஸ் கணினியில் அப்படி அழைத்தால் பொதுவாக 1252 குறிமுறைதான் நடைமுறைக்கு வரும். அதன்பின் டு-லோயர் 138-ஐக் கண்டவுடன், தன் கடமைப்படி, 154-ஐத் திருப்பித் தந்திருக்கிறது. ஊத்துக்குளியின் மற்ற பைட்டுகளில் எதுவும் அந்தக் குறிமுறையில் பெரிய எழுத்து இல்லை என்பதால், முதல் எழுத்து மட்டும் மாறி, படிக்கக்கூடிய இன்னொரு பெயராகவே வந்து நின்றுவிட்டது.

ஈரோடு உடைந்ததற்கும் இதே கணக்குதான். ‘ட’ என்பதன் மூன்றாவது பைட் 159. அது 1252 குறிமுறையில் இரு புள்ளியிட்ட பெரிய ஒய், அதன் சிறிய வடிவம் 255. யூடிஎஃப்-8 உரையில் 255 என்ற பைட் எங்குமே வர முடியாது என்பதால் அந்த இடத்தில் கட்டம் தெரிகிறது. ‘எ’ என்பது ‘ஞ’ ஆகிவிடும். ஒகரக் குறியும் ஔகாரக் குறியும் எந்த எழுத்தும் ஒதுக்கப்படாத வெற்று இடங்களுக்குப் போய்விடும். ஆகவே பொள்ளாச்சியும் கொங்குவும்கூட உங்கள் பட்டியலில் தப்பியிருக்க முடியாது. கரூரிலும் பவானியிலும் இந்த பைட்டுகள் இல்லாததால் அவை பிழைத்தன. சில பெயர்கள் மட்டும் கெடுவதால்தான் இந்தக் கோளாறு சோதனையில் அகப்படாமல் வாடிக்கையாளர் கை வரை போய்விடுகிறது.

பெரிய எழுத்துக்கு மாற்றும் டு-அப்பரை இயக்கியிருந்தால் உடனே தெரிந்திருக்கும். தமிழின் முதல் பைட்டான 224, மேற்கு ஐரோப்பியக் குறிமுறைகளில் மேலே கோடிட்ட சிறிய ஏ. அதன் பெரிய வடிவம் 192. யூடிஎஃப்-8 குறிமுறையில் 192-ம் ஒருபோதும் வரக் கூடாத பைட். எனவே அந்த லொக்கேலில் டு-அப்பர் ஒரு தமிழ் எழுத்தைக்கூட மிச்சம் வைக்காது.

லொக்கேலைத் தொடாமல் விட்டிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். எந்தச் சி நிரலும் தொடங்கும்போது ‘சி’ லொக்கேலில்தான் தொடங்குகிறது என்பது மொழித் தரத்தின் உறுதி. அந்த லொக்கேலில் டு-லோயர் ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகளை மட்டுமே மாற்றும். தேதிக்கும் பணத்துக்கும் உள்ளூர் அமைப்பு வேண்டுமென்று செட்-லொக்கேலை எல்லா வகைகளுக்கும் சேர்த்து அழைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. தேவையான வகைக்கு மட்டும் அழைத்து, எழுத்து வகைப்பாட்டை அப்படியே விட்டுவைப்பதுதான் சரியென்று நான் கருதுகிறேன்.

இனி, உங்கள் நிரலில் நீங்கள் சரியாகச் செய்திருக்கும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு பைட்டையும் அன்சைன்டு கேர் (குறியில்லாத, அதாவது எதிர்மறை மதிப்பு கொள்ளாத எழுத்து) வகைக்கு மாற்றிய பின்பே டு-லோயருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பெரும்பாலான பாடக்குறிப்புகளில் இது விடுபட்டிருப்பதைப் பார்க்கிறேன். இந்தச் செயற்கூறுகள் இன்ட் என்ற முழு எண் வகையில் மதிப்பைப் பெறுகின்றன; ஆனால் அந்த மதிப்பு அன்சைன்டு கேர் வகைக்குள் அடங்குவதாகவோ, கோப்பின் முடிவைக் குறிக்கும் ஈஓஎஃப் ஆகவோ இருந்தே தீர வேண்டும் என்பது தரத்தின் நிபந்தனை. வேறு எதைக் கொடுத்தாலும் விளைவு வரையறுக்கப்படவில்லை. நம் மேசைக் கணினிகளில் உள்ள இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கான கம்பைலர்களில் கேர் வகை குறியுடையது என்பதால், 224 என்ற பைட் அங்கே −32 ஆகவும் 174 என்பது −82 ஆகவும் மாறி நிற்கும். உள்ளே அட்டவணை ஒன்றை வைத்து அந்த எண்ணையே வரிசை எண்ணாகக் கொண்டு பார்க்கும் நூலகமாக இருந்தால், அது அட்டவணைக்கு வெளியே போய் நினைவகத்தைப் படிக்கும். லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் −128 முதல் 255 வரை 384 இடங்கள் கொண்ட அட்டவணையை வைத்திருப்பதால் அங்கே நிரல் விழுவதில்லை. விண்டோஸில் விஷுவல் சி-யின் பிழைதிருத்தப் பதிப்பு எதிர்மறை எண்ணைக் கண்டவுடன் நிரலை நிறுத்திவிடும். லினக்ஸில் ஓடுகிறது என்ற காரணத்துக்காக அந்த நிரல் சரியாகிவிடாது.

இதே இடத்தில் இன்னொரு பொறியும் உண்டு. உள்ளீட்டிலிருந்து ஓர் எழுத்தைப் படிக்கும் கெட்-கேர் செயற்கூறு தரும் மதிப்பைக் கேர் மாறியில் வாங்கினால், குறியுடைய வகையில் 255 என்ற பைட் −1 ஆகி, ஈஓஎஃப் என்று தவறாகக் கொள்ளப்பட்டுக் கோப்பு பாதியில் முடிந்துவிடும். ராஸ்பெரி பை போன்ற ஆர்ம் செயலியில் ஓடும் லினக்ஸில் கேர் வகைக்குக் குறி கிடையாது. அங்கே ஈஓஎஃப் ஒருபோதும் பொருந்தாமல் மடக்கு முடிவின்றி ஓடும். அதனால் கெட்-கேரின் மதிப்பை எப்போதும் இன்ட் மாறியிலேயே வாங்க வேண்டும்.

கொடுத்தது எழுத்தா என்று சோதிக்கும் இஸ்-ஆல்ஃபா, எண்ணா என்று சோதிக்கும் இஸ்-டிஜிட் போன்ற செயற்கூறுகள் திருப்பித் தரும் மதிப்பைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். கோபியிலிருந்து வரும் ஒரு மாணவர், “ஏனுங்க சார், உண்மைன்னா 1 தானுங்களே வரோணும், இங்க 1024 வந்து நிக்குதுங்களே?” என்று கேட்டார். சரியான கேள்வி. தரம் சொல்வதெல்லாம், பொருந்தினால் சுழியம் அல்லாத ஏதோ ஓர் எண் வரும் என்பது மட்டுமே. இன்டெல் செயலியில் ஓடும் லினக்ஸில் இஸ்-ஆல்ஃபா 1024-ஐயும் இஸ்-டிஜிட் 2048-ஐயும் தருவதற்குக் காரணம், அட்டவணையில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு பிட் ஒதுக்கி, அந்த பிட்டை அப்படியே வெளியே தருவதுதான். விஷுவல் சி-யில் இஸ்-டிஜிட் 4 தரும். ஆகவே முடிவை 1-உடன் ஒப்பிடும் நிரல் ஓரிடத்தில் ஓடி மற்றோர் இடத்தில் தவறும்.

செயற்கூற்றை அழைக்காமல், எழுத்து ஏ-க்கும் இசட்-க்கும் இடையில் உள்ளதா என்று நாமே ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாதா என்பதற்கு வருகிறேன். 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே சி-டைப் தலைப்புக் கோப்பு இருந்தது. அதில் டு-அப்பர் என்பது வெறும் கழித்தல், கூட்டல் மட்டுமே கொண்ட மேக்ரோ என்பதால், எண்ணையோ நிறுத்தக்குறியையோ கொடுத்தால் குப்பை மதிப்பு வரும். பின்னர் வந்த 1989 தரம், பொருந்தாத எழுத்தை மாற்றாமல் திருப்பித் தர வேண்டும் என்று ஆக்கியது. ஒப்பீட்டுக்கு எதிராகச் சொல்லப்படும் வழக்கமான காரணம், ஐபிஎம் பெருங்கணினிகளின் எப்சிடிக் குறிமுறை: அதில் பெரிய ஏ 193, பெரிய இசட் 233, இடையிலுள்ள 41 இடங்களில் எழுத்துகள் 26 மட்டுமே. எண்களுக்கு அந்தக் கவலை இல்லை. 0 முதல் 9 வரை எந்தக் குறிமுறையிலும் தொடர்ந்தே வர வேண்டும் என்று தரமே கட்டாயப்படுத்துகிறது. அதோடு, இஸ்-டிஜிட் லொக்கேலுக்குக் கட்டுப்படாதது. 30எஸ் நூல், 40எஸ் நூல் என்று (நூலின் நுண்மையைக் குறிக்க) லேபிளில் வருவதில் முன்னால் உள்ள எண்ணைப் பிரிக்க அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம், நானும் அதையே பயன்படுத்துகிறேன்.

ஆனால் உங்கள் நிலையில், ஒப்பிடாமல் செயற்கூற்றையே அழைக்க வேண்டும் என்ற பொதுவான அறிவுரைக்கு நேர்மாறானதுதான் சரி. யூடிஎஃப்-8 உரையில், பல பைட் கொண்ட எழுத்தின் எந்தப் பகுதியும் 128-க்குக் கீழே வராது. ஆகவே 65 முதல் 90 வரை உள்ள பைட்டுக்கு மட்டும் 32 கூட்டி, மற்ற எதையும் தொடாத ஒரு சிறு செயற்கூற்றை நீங்களே எழுதிக்கொண்டால், ஆங்கிலம் சிறிய எழுத்தாகும், தமிழ் ஒரு பைட்டும் கெடாது, எந்த லொக்கேலிலும் விளைவு மாறாது. உள்ளே வரும் உரை யூடிஎஃப்-8 என்று உறுதியாகத் தெரிந்திருப்பதால் எப்சிடிக் கவலை இங்கே எழவே இல்லை.

தமிழ் எழுத்துகளையே வகைப்படுத்தவோ எண்ணவோ வேண்டியிருந்தால் டபிள்யூசி-டைப் தலைப்புக் கோப்பின் அகல எழுத்துச் செயற்கூறுகளுக்கு (ஒரு பைட்டில் அடங்காத எழுத்துகளையும் கையாள்பவை) போக வேண்டும். இவை 1995-இல் தரத்தில் சேர்ந்தன. அங்கும் ஓர் எல்லை உண்டு. ‘கொங்கு’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு 3 எழுத்துகள். யூனிகோடுக்கு க, ஒகரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி என்று 6 இடங்கள். பைட்டுகளை எண்ணும் ஸ்டிர்-லென் செயற்கூறு சொல்வது 18. அகல எழுத்துச் செயற்கூறுகள் அந்த 6-இல் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்குமே தவிர, 3 எழுத்துகளாகச் சேர்த்துப் பார்க்காது. யூனிகோடின் அகரவரிசைப் பண்பு உயிர்க்குறிகளுக்கு உண்டு, புள்ளிக்கு இல்லை. அதனால் ஒரு சொல்லின் எல்லையைக் கண்டுபிடிக்க இஸ்-ஆல்ஃபாவின் அகல எழுத்து வடிவமான இஸ்-டபிள்யூ-ஆல்ஃபாவை மட்டும் நம்பினால், ஒவ்வொரு மெய்யெழுத்திலும் சொல் துண்டாக வாய்ப்புண்டு. புள்ளியையும் உயிர்க்குறிகளையும் முந்தைய எழுத்தோடு ஒட்டவைக்கும் விதியை நிரலில் தனியாக எழுதியாக வேண்டும்.

ஏற்கெனவே கெட்டுவிட்ட கோப்பைப் பற்றி ஒரு சொல். ‘ட’ இருந்த இடத்தில் உள்ள 255-ஐ 159-க்கு மீட்கலாம். அந்த பைட் வேறெதிலிருந்தும் வந்திருக்க முடியாது. ஆனால் 154 என்பது முன்பு ‘ச’ ஆகவே இருந்ததா, ‘ஊ’ ஆக இருந்து மாறியதா என்று நிரலால் சொல்ல இயலாது. அந்தப் பெயர்களை மூலப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கையால்தான் திருத்த வேண்டும்.