2008 வீட்டுக்கடன் நெருக்கடியில் அமெரிக்க அரசு மக்களின் கடனைத் தள்ளுபடி செய்ததா?

இல்லை, தவணையைத்தான் குறைத்தது. 2009-இல் ஒபாமா அரசு கொண்டுவந்த 'ஹாம்ப்' திட்டத்தின் கணக்கு இது: வீட்டு வரி, காப்பீடு சேர்த்து மாதத் தவணை, பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தில் 31 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 4,000 டாலர் வாங்குபவர் 1,600 கட்டிவந்தால், அது 1,240 ஆகும். அதற்காக முதலில் வட்டியை 2 சதவீதம் வரை இறக்குவார்கள். போதவில்லையா, கடன் காலத்தை 40 ஆண்டுக்கு நீட்டுவார்கள். அதுவும் போதாவிட்டால் அசலில் ஒரு பகுதியை வட்டியில்லாமல் கடைசிக்குத் தள்ளிவைப்பார்கள்.

காகிதத்தில் நல்ல திட்டம்தான். ஆனால் சாவி கடனை வசூலிக்கும் நிறுவனங்களின் கையில் இருந்தது. கொடுத்த சம்பளச் சீட்டையே மறுபடி மறுபடி கேட்டு அலையவிட்டார்கள். 30 முதல் 40 லட்சம் குடும்பங்கள் என்பது இலக்கு. நிரந்தர மாற்றம் கிடைத்தது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான்.