அப்பா பேரை விடுங்க தம்பி, அம்மா வெச்ச கைநாட்டு எங்க?

சத்தியமங்கலம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். வீரப்பன் காலத்து கதைன்னு ஒரு படம் வருதாம், செத்துப்போன அவங்க அப்பாவை கூட்டத்துக்கு அரிசி சுமந்தவரா காட்டுறாங்களாம். அதிரடிப்படை கேம்ப்ல அம்மாவுக்கு நடந்த பாலியல் கொடுமையும் ஒரு காட்சியா இருக்காம், அம்மா உயிரோட இருக்காங்க. 2 வருஷம் முன்னாடி படக்காரங்க வந்து அம்மாவை வீடியோ எடுத்து ஏதோ பேப்பர்ல கைநாட்டு வாங்கிட்டு போயிருக்காங்க. அடுத்த மாசம் ரிலீஸ், ஸ்டே கிடைக்குமான்னு கேக்குறார்.

தம்பி, 4 பக்கத்துல 3 பக்கம் அப்பா மானமும் டைரக்டர் திமிரும்தான் இருக்கு, கோர்ட்டுக்கு அது வேண்டாம். இறந்தவரோட ப்ரைவஸி அவரோடயே போச்சு, வாரிசுக்கு வராதுன்னு ஜெயலலிதா படம் கேஸ்ல 2021லயே சென்னை ஹைகோர்ட் சொல்லிருச்சு. உங்க கேஸே அம்மாதான். கோர்ட் ரெகார்டுல இருக்கறதை யாரும் எழுதலாம்னு 1994ல ஆட்டோ சங்கர் கேஸ்ல சொன்ன சுப்ரீம் கோர்ட்டே, பாலியல் கொடுமைக்கு ஆளான பொண்ணு பேரை மட்டும் ரெகார்டுல இருந்தாலும் வெளிய விடாதேன்னு விலக்கும் வெச்சது. ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தோட 72ம் பிரிவும் அதையேதான் சொல்லுது, மீறினா 2 வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா பாதிக்கப்பட்டவங்களே எழுத்துல அனுமதி கொடுத்திருந்தா அது குத்தமில்ல. அந்த கைநாட்டு பேப்பர் இப்ப புரியுதா?

இங்கதான் பலபேர் விழுவாங்க. என்கிட்ட வந்த ஒருத்தர் அம்மா எதுலயும் கையெழுத்தே போடலன்னு அஃபிடவிட்ல சத்தியம் பண்ணிட்டார், எதிர் தரப்பு வக்கீல் லேப்டாப்பை திறந்து வீடியோவை போட்டார், கட்டைவிரல்ல மை காயாம அந்தம்மா தலையாட்டிட்டு உக்காந்திருக்காங்க. உண்மையை மறைச்சு வந்தவருக்கு ஸ்டேவா, மனு தள்ளுபடி. இன்னொரு கூட்டம் வெள்ளிக்கிழமை ரிலீஸுக்கு வியாழக்கிழமை ஓடி வரும், ட்ரெய்லர் வந்தப்ப எங்க இருந்தீங்கன்னு ஜட்ஜ் ஒரே கேள்வியில முடிச்சுடுவார், படத்துக்கு ஓசி விளம்பரம்தான் மிச்சம். அப்புறம் மனுவுல அம்மா பேரை அப்படியே போட்டு ஃபைல் பண்ணிடாதீங்க, படம் செய்யாததை உங்க கேஸே செஞ்சிடும், பேரை மறைக்க முதல்லயே அனுமதி கேளுங்க.

என்னைக் கேட்டா பேசி முடிங்க. சம்பல் கொள்ளைக்காரியா இருந்த பூலான் தேவி கதையை 'பேண்டிட் குயின்'னு படமா எடுத்தப்ப அவங்க உயிரோட இருந்தாங்க, 1994ல டெல்லி ஹைகோர்ட்ல தடையும் வாங்கினாங்க, கடைசியில 40,000 பவுண்ட் வாங்கிட்டு கேஸை விட்டாங்க, படமும் ஓடுச்சு. நீங்க காசை முதல்ல பேசாதீங்க. அம்மா பேர், ஊர் பேர் மாத்தணும், கேம்ப் சீன்ல அது அவங்கதான்னு யாரும் கண்டுபிடிக்கற மாதிரி எதுவும் இருக்கக்கூடாது, அதை எழுத்துல வாங்குங்க. வக்கீல் நோட்டீஸ் இந்த வாரமே போகட்டும், அதுலயே அந்த பேப்பர் காப்பியையும் கேளுங்க. வந்ததும் அம்மாவுக்கு அதை யார் படிச்சு காட்டினதுன்னு எழுதியிருக்கா, சாட்சி போட்டது யாருன்னு பாருங்க. சாட்சி படக்கம்பெனி மேனேஜராவே இருந்தா உடனே எனக்கு போன் பண்ணுங்க.