இனமும் பண்பாடும் ஒன்றா?

‘இனம், பண்பாடு இரண்டும் ஒன்றுதானே?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இனம் என்பது வம்சாவளியையும் தோற்றத்தையும் வைத்து மனிதர்கள் போட்ட பிரிவு. பண்பாடு பழகிப் பழகி வருவது.

மலேசியாவின் மலாக்கா நகரில் வாழும் மலாக்கா செட்டிகளைப் பாருங்கள் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வேறு). 15ஆம் நூற்றாண்டில், மலாக்கா சுல்தான்கள் காலத்தில் அங்கே குடியேறி உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். வீட்டுப் பேச்சு மலாய். பெண்களின் மரபான உடை மலாய்ப் பெண்களைப் போல சாரோங் (கைலி), கெபாயா (மேல்சட்டை). ஆனால் கும்பிடுவது பிள்ளையாரை. 1781இல் கட்டிய பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில் இன்றும் இருக்கிறது. போகியன்று முன்னோருக்கு வாழையிலை போட்டுப் படைக்கிறார்கள். அந்தப் படையலை அவர்கள் ‘பார்ச்சு’ என்கிறார்கள். தமிழ் பேசவில்லை என்பதற்காக இவர்களை அந்நியராக நினைப்பது தப்பு என்பேன்.