எதிரணியின் மிதமான வாக்காளர்களைக் கட்சிகள் தேடிப் போக வேண்டுமா?

போக வேண்டும். கடலூரில் பத்து வருடத்துக்கு மேல் ஒரு கட்சிக்குப் பூத் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எந்தக் கட்சி என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் பதிலை விட்டுவிட்டுக் கட்சியைப் பற்றித்தான் பேசுவார்கள்.

கேள்வி கேட்டவர் அமெரிக்காவைக் காட்டுகிறார். 2024 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ், குடியரசுக் கட்சியின் லிஸ் செனியைத் தன் மேடையில் ஏற்றி எதிரணியின் மிதமான ஆட்களை இழுக்கப் பார்த்தார், கடைசியில் போட்டி கடுமையாக இருந்த ஏழு மாநிலங்களிலும் தோற்றார், அந்த உழைப்பைச் சொந்த ஆதரவாளர்களைத் திரட்டுவதில் போட்டிருக்கலாமே என்கிறார். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில், இந்த 'மிதமான வாக்காளர்' யார் என்று நம்ம ஊர்க் கணக்கில் பார்த்துவிடலாம்.

மிதவாதி என்ற சொல் நமக்குப் புதிதில்லை. 1907-ல் சூரத்தில் காங்கிரஸ் உடைந்தபோது ஒரு பக்கம் மிதவாதிகள், இன்னொரு பக்கம் தீவிரவாதிகள். தீவிரப் பக்கம் நின்ற பாரதி அடுத்த வருடமே புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். ஆனால் இன்றைக்கு மஞ்சக்குப்பத்திலோ முதுநகரிலோ யாரும் ஒரு வாக்காளரை அப்படிச் சொல்ல மாட்டார்கள். "அவர் கட்சிக்காரர் இல்ல, ஆனா எப்பவும் அவங்களுக்குத்தான் போடுவார்" என்பார்கள். உறுப்பினர் அட்டை இருக்காது, கரைவேட்டி கட்ட மாட்டார், கூட்டத்துக்கு வர மாட்டார், பழக்கத்தில் ஒரு சின்னத்துக்குப் போடுவார். அந்தச் சின்னம் செய்கிற தப்பும் அவருக்குத் தெரியும். நான் பேசுவது இவரைப் பற்றித்தான்.

பூத் வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு வாக்குச்சாவடிக்கு ஏறத்தாழ ஆயிரம் ஓட்டு இருக்கும். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு தெரு தெருவாக, வீடு வீடாகப் பென்சிலில் குறிப்போம்: நம்ம ஓட்டு, அவங்க ஓட்டு, டவுட். டவுட் என்று குறித்த வீட்டுக்கு நாலு தடவை போவோம், நம்ம வீட்டுக்கு ஓட்டுப்பதிவு அன்று காலையில் போய்க் கூட்டிவருவோம், அவங்க வீட்டுக்குப் போகவே மாட்டோம். ஸ்லிப் கொடுக்கக்கூட அந்த வாசலில் நிற்க மாட்டோம். 2016-ல் நான் செய்தது இதைத்தான், 2021-லும் இதைத்தான். தேர்தல் முடிந்து படிவம் 20, அதாவது பூத் வாரியான ஓட்டுக் கணக்கு, வந்ததும் எடுத்துவைத்துப் பார்த்தபோது, நாங்கள் 'அவங்க' என்று குறித்திருந்ததைவிட அவர்களுக்கு விழுந்தது குறைவாக இருந்தது. எங்களுக்கு விழுந்தது, 'நம்ம' என்று குறித்ததைவிடக் கொஞ்சம் கூடுதல். கேட்காமலே சிலர் போட்டிருக்கிறார்கள். கேட்டிருந்தால் இன்னும் எத்தனை பேரோ என்று அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் மாவட்டத்திலேயே காட்டுமன்னார்கோயில் இருக்கிறது. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். நெய்வேலியில் 2021-ல் வெற்றி வித்தியாசம் 977. இந்த எண்களை எதிரெதிரே வைத்து யோசித்துப் பாருங்கள். 87 ஓட்டு வித்தியாசத்தைத் தாண்ட, வீட்டில் படுத்திருக்கிற சொந்த ஆட்கள் 88 பேரை எழுப்பிக் கூட்டிவர வேண்டும், ஆனால் எதிரே போட்டவர்களில் 44 பேர் மனம் மாறினாலே போதும், ஏனென்றால் அவர்கள் மாறும்போது அங்கே ஒன்று குறைந்து இங்கே ஒன்று ஏறுகிறது. சொந்த ஆட்களைத் திரட்டினால் போதும் என்பவர்கள் இந்த இரட்டைக் கணக்கைப் பார்ப்பதில்லை.

"தமிழ்நாட்டில் அப்படி மாறிப் போடுபவர்கள் யார் இருக்கிறார்கள், எல்லாம் பரம்பரை ஓட்டு" என்று எங்கள் கூட்டங்களில் பெரியவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணி 39-ல் 37 இடத்தைப் பிடித்தது, எம்.ஜி.ஆர். கட்சிக்கு 2. அவர் ஆட்சியும் கலைக்கப்பட்டது. சில மாதத்தில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அதே மக்கள் அ.தி.மு.க.வுக்கு 129 இடம் கொடுத்தார்கள். அது பழைய கதை என்றால் 2019 ஏப்ரல் 18-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி மக்களவைத் தொகுதியில் கனிமொழி மூன்று லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே தொகுதிக்குள் வருகிற விளாத்திகுளத்தில், அதே நாள் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலில் அ.தி.மு.க. ஜெயித்தது. மக்களவையில் அ.தி.மு.க. கூட்டணிக்குக் கிடைத்தது ஒரே இடம், ஆனால் அந்தக் கோடையில் நடந்த 22 இடைத்தேர்தல்களில் அ.தி.மு.க. 9-ஐப் பிடித்து ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. டெல்லிக்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று என்று மக்கள் பிரித்து யோசிக்கிறார்கள். அந்த யோசிக்கிற ஆளைத்தான் நாம் 'அவங்க' என்று பென்சிலில் எழுதிவிட்டுத் தெருவைத் தாண்டிப் போகிறோம்.

சரி, அப்படியானால் அமெரிக்காவில் ஏன் எடுபடவில்லை? என் கருத்து இது. அங்கே தேடிப் போனது வாக்காளரை இல்லை, தலைவரை. 2024 அக்டோபரில் ஹாரிஸும் செனியும் சேர்ந்து மேடையேறிய ரிப்பன், விஸ்கான்சினில் இருக்கிறது, குடியரசுக் கட்சி பிறந்த ஊர் என்று பெயர் பெற்றது. யோசித்துத்தான் அந்த ஊரைத் தேர்ந்திருப்பார்கள். ஆனால் செனியோ 2022-லேயே வயோமிங்கில் சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் பெரிய வித்தியாசத்தில் தோற்றவர். கட்சி மக்கள் கைவிட்ட தலைவரை அழைத்துவந்தால் அந்த மக்கள் எப்படிப் பின்னால் வருவார்கள்? விலைவாசியில் தவித்துக்கொண்டிருந்த ஒருவர் வீட்டுக்கு வந்து "உன் மளிகைச் செலவு எவ்வளவு ஏறியிருக்கிறது" என்று கேட்டிருந்தால், அதுதான் தேடிப் போவது. ஒரு பிரமுகர் மேடையில் கைகுலுக்குவதைக் காட்டினால் அவருக்கு என்ன ஆகப் போகிறது?

இந்தத் தப்பை அமெரிக்கர்களிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, புதுச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டினால் போதும். என் மனைவிக்கு அரியாங்குப்பம். 2024 தேர்தல் கணக்கில் புதுச்சேரியில் மொத்தமே சுமார் 10 லட்சம் வாக்காளர்கள், 30 தொகுதிகள், சராசரியாக ஒரு தொகுதிக்கு முப்பத்து மூவாயிரம் பேர். தமிழ்நாட்டில் அப்போது ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல். அவ்வளவு சின்ன ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் மாமன் மச்சான், தலைவர்கள் கட்சி மாறுவதும் சகஜம். 2021 பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்கள் அடுத்தடுத்து ராஜினாமா செய்து நாராயணசாமி ஆட்சி கவிழ்ந்தது. காங்கிரஸிலிருந்து பா.ஜ.க.வுக்குப் போன நமச்சிவாயம் அந்த வருடம் சட்டமன்றத்துக்கு ஜெயித்தார், அமைச்சரும் ஆனார். 2024-ல் அவரே மக்களவைக்கு நின்றபோது, மாநிலத்தில் அவர்கள் கூட்டணி ஆட்சி நடந்துகொண்டிருந்தும், காங்கிரஸின் வைத்திலிங்கம் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். தலைவர் அந்தப் பக்கம் போன மாதிரி ஓட்டும் மொத்தமாகப் போய்விடவில்லை. என் மாமனார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று சின்னத்துக்குப் போடுகிற சித்தப்பாக்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஆள் எந்தப் பக்கம் என்பதைவிட, போன மழைக்கு யார் வந்து எட்டிப் பார்த்தார் என்பதுதான் அங்கே பேச்சாக இருக்கும்.

தலைவர்களை இழுப்பதில் இன்னொரு கேடும் இருக்கிறது. எங்கள் பகுதியில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, வேறு கட்சியிலிருந்து புதிதாக வந்த ஒருவருக்குச் சீட்டு கொடுத்தார்கள். இருபது வருடம் சுவர் விளம்பரம் எழுதி, கொடி கட்டி, அடி வாங்கியவர் எங்கள் கிளைச் செயலாளர் அண்ணன். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, மறுநாளிலிருந்து வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். வந்தவரோடு எதிரணி ஓட்டும் வரவில்லை. சொந்த ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று இங்கே பின்னூட்டத்தில் சொல்பவர்களுக்கு நான் சொல்வது: கோபம் வருவது உண்மை, ஆனால் அது இப்படி வந்தவனுக்குப் பந்தியில் முதல் இலை போடுவதால் வருகிறது. எதிர்வீட்டுக்காரரைப் போய் நலம் விசாரித்ததற்காக எந்தத் தொண்டனும் கோபித்து நான் பார்த்ததில்லை.

கொள்கை நீர்த்துப்போகும் என்ற பயமும் ஒரு நியாயமான பயம்தான், அதை லேசாகத் தள்ள மாட்டேன். ஆனால் 1967-ஐப் பாருங்கள். 1937-ல் ராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவர முயன்றபோது எதிர்த்துச் சிறை போனவர் அண்ணா. முப்பது வருடம் கழித்து அதே ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடு கைகோர்த்தார். அப்போது ராஜாஜியும் இந்தித் திணிப்பை எதிர்க்கிறவராக மாறியிருந்தார். தி.மு.க. பக்கமே தலைவைத்துப் படுக்காத பல வீடுகளின் கதவு அந்தக் கூட்டணியால் திறந்தது. தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. அதற்காக எதையாவது மடித்து வைத்தார்களா? ஆட்சிக்கு வந்த வருடமே சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம், 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம். (திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது அதற்கு முன்பே, 1963-ல். அதற்குக் காரணம் பிரிவினைக்கு எதிரான அரசியல் சட்டத் திருத்தம், ஓட்டுக் கணக்கு இல்லை.)

இன்னொரு மாதிரி ஜெயலலிதாவுடையது. 2003-ல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள் சுமார் 1.7 லட்சம் பேரை வேலைநீக்கம் செய்த அரசு அவருடையது. 2004 மக்களவைத் தேர்தலில் 39-ல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முடிவு வந்த சில நாட்களிலேயே ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள், மதமாற்றத் தடைச் சட்டம், விவசாயிகளின் இலவச மின்சாரத்தில் கைவைத்தது என்று வரிசையாகத் திரும்பப் பெற்றார். 2006-ல் ஆட்சி போனது, ஆனாலும் அ.தி.மு.க. மட்டும் 61 இடம் பிடித்துத் தனிப்பெரும்பான்மை இல்லாத தி.மு.க.வுக்கு எதிரே வலுவாக உட்கார்ந்தது. விலகிப் போனவர்களுக்கு என்ன வலித்தது என்று பார்த்து அதைச் சரிசெய்வதும் தேடிப் போவதுதான். தோற்ற பிறகுதான் அது தோன்ற வேண்டும் என்பதில்லை.

எனக்கே இது புரிந்தது தாமதமாகத்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் ஆற்றோரப் பகுதிகளைச் சூழ்ந்துகொண்டது. நாங்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு டிராக்டரில் கிளம்பினோம். ஒரு தெருமுனையில் எங்கள் ஆள் ஒருவர், "இது அவங்க தெரு, அவங்க ஆளுங்க பாத்துக்குவாங்க, வண்டிய நேரா விடு" என்றார். ஓட்டியவர் நிறுத்தவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தெரு தாண்டியதும் மனசு கேட்கவில்லை. இறங்கி, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் திரும்பி நடந்தேன். முதல் வீட்டு மாடிப்படியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் பட்டியலில் அவர் குடும்பம் நாலு ஓட்டு, நாலும் 'அவங்க'.

"வாங்க தம்பி" என்றார். பொட்டலத்தை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு, என் சட்டைப் பையில் இருந்த கட்சி பேட்ஜைப் பார்த்தார். "நாப்பது வருஷமா இந்த வீட்டுல இருக்கேன். உங்க கட்சிக்காரங்க யாரும் இந்தப் படி ஏறினதில்ல. வர வேணாம்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் 2016-லும் 2021-லும் அந்த வீட்டுக்கு எதிரே பென்சிலால் குறித்தது என் கைதான்.

தண்ணீர் வடிந்த பிறகு மறுபடி போனேன். அவர் கட்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவின் மழைநீர் வடிகால் ஆற்றுப் பக்கம் சரிவாக இல்லை, தண்ணீர் திரும்ப உள்ளேதான் வருகிறது என்று காட்டினார். நாலைந்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு எந்த வருடம் எவ்வளவு உயரம் ஏறியது என்று சுவரில் அடையாளம் காட்டச் சொன்னார். எல்லாவற்றையும் எழுதி ஒரு மனு தயாரித்தோம். கையெழுத்துப் போட்டதில் மூன்று கட்சி ஓட்டும் இருக்கிறது.

இப்போது எங்கள் பூத்தின் புதுப் பட்டியலில் அந்தத் தெருவுக்கு நானும் இன்னொரு தம்பியும் பொறுப்பு. வீட்டு எண்ணுக்கு எதிரே கட்சி எழுதுவதில்லை. என்ன கேட்டார்கள் என்று எழுதுகிறோம்: வடிகால், பட்டா, ஒரு பாட்டிக்கு நின்றுபோன முதியோர் உதவித்தொகை. உதவித்தொகை மீண்டும் வந்துவிட்டது. வடிகாலுக்கு அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இன்னும் தோண்டவில்லை, அதனால் ஞாயிற்றுக்கிழமை மறுபடி அங்கே போகிறோம்.