உலகத்தைச் சுத்துற நீண்ட கப்பல் பயணத்துக்குப் போறவங்க, கப்பல் நிக்கிற துறைமுகம் வரைக்கும் எப்படிப் போய்ச் சேருறீங்க?

கேள்வியில இலங்கை மலைநாட்டுப் பக்கத்துல இருந்து போனவங்க யாராச்சும் இருந்தா எழுதுங்கன்னு போட்டிருந்துச்சு, அதனாலதான் எழுதுறேன். நான் பயணியா போகல, கேபின் ஸ்டூவர்ட்டா (பயணிங்க ரூமப் பாத்துக்குற வேலை) போனேன், அதை மொதல்லயே சொல்லிடுறேன். கொரோனாவுக்கு முந்தி ஒரு ஜனவரி. கப்பல் புளோரிடாவுல போர்ட் எவர்கிளேட்ஸ்ங்கிற துறைமுகத்துல இருந்து கெளம்பி பனாமா வழியா பசிபிக் போய் உலகத்தைச் சுத்தி நாலு மாசத்துல திரும்பி வரும். நான் கெளம்புனது பொகவந்தலாவை பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல (தொழிலாளிங்க வரிசை வீடு) இருந்து. கப்பல்ல ஏறுனதுக்கு அப்புறம் எல்லாம் வேலைதான், அது பழகிப் போயிரும், அந்தக் கப்பல் வரைக்கும் போறதுதான் பெரிய கூத்து.

கூத்துன்னா வழி இல்ல, கடுதாசி. எங்க அப்பா பேரோட கடைசியில இங்கிலீஷ்ல எச் இருக்கா இல்லையாங்கிறது ஒரு ஆறு மாசத்த தின்னுச்சு. பர்த் சர்டிபிகேட்ட மொழிபெயர்த்தவரு எச் போட்டுட்டாரு, அப்படியே பாஸ்போர்ட்லயும் எச் வந்துருச்சு. ஆனா ஓ.எல் (பதினோராம் வகுப்புப் பரீட்சை) சர்டிபிகேட்ல எச் கெடையாது, அதப் பாத்து அடிச்ச ட்ரெய்னிங் சர்டிபிகேட்லயும் கெடையாது, கம்பெனி லெட்டர்லயும் கெடையாது. நமக்கு அது ஒரே அப்பாதான், அவங்களுக்கு ரெண்டு அப்பா. ரெண்டும் ஒரே ஆளுன்னு அட்டன்ல ஜே.பி (சமாதான நீதவான்) ஒருத்தர்கிட்ட சத்தியக் கடுதாசி எடுத்து, அதோட கொழும்புக்குப் போனா அது பத்தாது சர்டிபிகேட்டையே மாத்திட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க, அதுக்கு இன்னொரு பஸ் பயணம், இன்னொரு நாள் சம்பளம் போச்சு. எங்க வீட்டுல கட்டிலுக்கு அடியில ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கு, அதுல தாத்தாவோட பிரஜாவுரிமைக் கடுதாசியில இருந்து எல்லாம் இருக்கும், 1948ல மலைநாட்டுத் தமிழ் ஆளுங்களுக்குக் குடியுரிமை போனதுக்கு அப்புறம் ஒரு துண்டுச் சீட்டைக்கூட எங்க ஆளுங்க தூக்கிப் போட மாட்டாங்க. அந்த டின்ல தேடித்தான் அப்பாவோட பேர எச் இல்லாம எழுதுனது யாருன்னே கண்டுபிடிச்சேன், ஸ்கூல்ல சேர்க்குறப்ப ஃபார்ம் நிரப்பிக் கொடுத்த எங்க மாமா. அவரு இப்பவும் அந்த எச் தேவையே இல்லங்குறாரு.

அதனால என் மொத அட்வைஸ், கப்பல்னு யோசிச்ச அன்னைக்கே எல்லாக் கடுதாசியையும் தரையில பரப்பி வச்சு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்க.

அடுத்தது காசு. கொழும்புல ஒரு ஏஜென்ட்டு, பேர் வேணாம், என்கிட்ட மூணரை லட்சம் வாங்குனாரு, "புரொசஸிங் சார்ஜ்" அப்படின்னு. அம்மாவோட சங்கிலி அடகுக்குப் போச்சு, மிச்சம் அக்கா சீட்டு எடுத்து குடுத்துச்சு. கப்பல்ல ஏறி மூணு மாசம் கழிச்சுதான் க்ரூ மெஸ் பக்கத்துச் சுவத்துல ஒட்டியிருந்தத நின்னு படிச்சேன், கடல் தொழிலாளர் ஒப்பந்தம்னு 2006ல செஞ்சது ஒண்ணு இருக்கு, 2013ல நடைமுறைக்கு வந்துச்சு. அதுபடி வேலை வாங்கித் தர்றதுக்கு கப்பல் வேலைக்குப் போறவன்கிட்ட ஒரு சதம் வாங்கக்கூடாது. பாஸ்போர்ட், கடலோடி புத்தகம் (நாங்க சி.டி.சின்னு சொல்றது), மெடிக்கல் சர்டிபிகேட், இந்த மூணுக்கும் ஆகுற செலவு மட்டும்தான் நம்மளோடது, விசா செலவுகூட கப்பல் முதலாளியோடது. வேலை ஒப்பந்தம் முடிஞ்சு வீட்டுக்கு அனுப்புற டிக்கெட்டும் அவங்களோடது. இத எனக்கு முந்தி யாராச்சும் சொல்லியிருந்தா அந்தச் சங்கிலி கழுத்துலயே இருந்திருக்கும். படிக்கிறவங்க யாராவது இப்ப ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் கட்டப் போறீங்கன்னா கொஞ்சம் நில்லுங்க.

கப்பல் வேலைக்கு முந்தி எடுக்குற ட்ரெய்னிங்ல தீ அணைக்கிறது, முதலுதவி எல்லாம் ஒண்ணுமில்ல. தண்ணிதான். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு ஒசரத்துல இருந்து குளத்துல குதிக்கணும், அப்புறம் கவுந்து கெடக்குற ரப்பர் படகத் தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டே நிமித்தணும். எனக்கு நீச்சல் தெரியாது. நாங்க வளர்ந்தது காசல்ரீ டேம் பக்கம்னாலும் அந்தத் தண்ணிப் பக்கம் போனா அம்மா முதுகு தோல உரிச்சிரும், கடலையே நான் மொத மொத பாத்தது ஸ்கூல் ட்ரிப்ல கல்கிசையிலதான். மேல நின்னு மூக்கப் புடிச்சுக்கிட்டு ஜாக்கெட்ட இன்னொரு கையால இறுக்கிக்கிட்டு கண்ண மூடிட்டு கால எடுத்து வச்சேன், கீழ போயி மேல வந்ததெல்லாம் நினைவே இல்ல, காதுக்குள்ள தண்ணி போனது மட்டும் நினைவிருக்கு. எனக்குப் பின்னாடி நின்ன நீர்கொழும்புப் பையன், மீனவன் வீட்டுப் புள்ள, சிரிச்சே செத்துட்டான். நீச்சல் தெரியலன்னு பயந்து விட்டுறாதீங்க, ஜாக்கெட் தூக்கிரும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி பத்தி ஒரு வரி. தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா பக்கம் போற கப்பல்னா கேப்பாங்க, பொரளை எம்.ஆர்.ஐயில (மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்) போட்டேன். போட்டு பத்து நாள் கழிச்சுத்தான் அந்த மஞ்சள் அட்டை செல்லும், அதனால கடைசி வாரத்துக்கு வைக்காதீங்க. ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போதும்.

கெளம்புறதுக்கு மொத நாள் ராத்திரி அம்மாயி சாப்பிடல. கப்பல்னு சொன்னதுல இருந்தே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் எங்க ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்பினப்ப அம்மாயியோட தம்பி குடும்பத்தோட போனவரு, அட்டன் ஸ்டேஷன்ல ஏத்தி விட்டிருக்காங்க, அந்தக் கோச்சிய (ரயில) அழுகைக் கோச்சின்னுதான் சொல்லுவாங்க, தலைமன்னார் போயி அங்க இருந்து இராமானுஜம் கப்பல்ல ராமேஸ்வரம். அதுக்கப்புறம் அவர அம்மாயி பாக்கவே இல்ல. அதுக்கு கப்பல்னா போனவங்க திரும்பி வராத ஒரு சாமான். நான் போன்ல கப்பல் படத்தக் காட்டி, இங்க பாரு அம்மாயி பதினோரு மாடி, நீச்சல் குளமெல்லாம் இருக்கு, இது திரும்பி அதே எடத்துக்கு வர்ற கப்பல்னு சொன்னா, "சுத்தி அங்கனயே வர்றதுக்கு எதுக்குடா போகணும்"னு கேட்டுச்சு. பதில் சொல்லத் தெரியல. அம்மா பேக்ல பி.ஓ.பி தேயிலை ஒரு கிலோ, இடிச்ச மிளகாத்தூள், ஒரு போத்தல் தைலம் வச்சாங்க. கருவாடு வச்சத நான் எடுத்து வெளிய வச்சேன், அமெரிக்கா ஏர்போர்ட்ல பிரச்சினை ஆயிருமோன்னு பயம். அம்மாவுக்கு அதுல கோவம்.

ரோட்டு விஷயம், நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு மட்டும். ஜனவரின்னா சிவனொளிபாதமலை சீசன், லீவு நாள் வந்து மாட்டுச்சுன்னா அட்டன் டவுன்ல இருந்து கினிகத்தேனை வரைக்கும் வேன், பஸ் எல்லாம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு நிக்கும். மழை பேஞ்சா மண்ணு சரியும். ஃப்ளைட் அடுத்த நாள் ராத்திரின்னாலும் நான் மொத நாள் காலையிலயே கெளம்பிட்டேன், நோர்வூட், டிக்கோயா, அட்டன், அங்க இருந்து கித்துல்கலை, அவிசாவளை வழியா கொழும்பு, வத்தளையில கூட்டாளி ரூம்ல தூங்கி, அடுத்த நாள் கட்டுநாயக்கா ஏர்போர்ட். எல்லாரும் சிரிச்சாங்க இவ்வளவு முன்னாடியான்னு. ஃப்ளைட்ட விட்டா கப்பல விட்ட மாதிரிதான், கப்பலுக்கு நம்மள தெரியவே தெரியாது.

கவுண்டர்ல போர்டிங் பாஸ் குடுக்குறதுக்கு முந்தி பாஸ்போர்ட், சி.டி.சி, அமெரிக்க சி-1/டி விசா, கம்பெனி லெட்டர் நாலையும் பக்கத்துப் பக்கத்துல வச்சு ஒரு அம்மணி விரல வச்சு வச்சுப் படிச்சாங்க. எச் எல்லாத்துலயும் இருந்துச்சு. அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதி, அப்புறம் கப்பலப் பாத்தப்பகூட வரல. டோஹா வரைக்கும் அஞ்சு மணி நேரம், அங்க இருந்து மயாமி பதினாறு மணி நேரத்துக்குக் கிட்ட, ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கிட்டு முழுக்க தூங்கிட்டேன். மயாமி இமிக்ரேஷன்ல கேக்குறது மூணு கேள்விதான், எந்தக் கப்பல், என்ன வேலை, எப்ப ஏறுற. ட்ரெய்னிங்ல சொன்ன மாதிரி நீட்டி முழக்காம அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

வெளிய வந்தா பேக் வரல.

பெல்ட் சுத்துது சுத்துது, எல்லார் பேக்கும் போயிருச்சு, கடைசியில ஒரு நீல பேக் மட்டும் தனியா சுத்துது, அது என்னோடது இல்ல. வெளிய கப்பல் பேர் எழுதுன அட்டையோட ஏஜென்சி ஆள் நிக்கிறாரு, வேன்ல பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கோவாப் பசங்க எல்லாம் எனக்காக காத்துக்கிட்டு இருக்காங்க. ஃபார்ம் எழுதிக் குடுத்துட்டு ஓடுனேன். சாதாரண பயணம்னா பேக் அடுத்த நாள் வீட்டுக்கு வந்துரும், இது உலகம் சுத்துற கப்பல், அது பாட்டுக்கு நகர்ந்துக்கிட்டே இருக்கும், பேக் துறைமுகம் துறைமுகமா தொரத்திட்டு வரணும். கடுதாசி எல்லாம் கைப்பையில இருந்துச்சு, அதுல நான் கெட்டிக்காரன்தான், ஆனா வேலைக்குப் போட வேண்டிய கறுப்பு சப்பாத்து (ஷூ) பேக்குக்குள்ள. ரெண்டு சோடி உள்ளாடை, ஒரு கறுப்பு பேன்ட், கறுப்பு சப்பாத்து, மருந்து, இத கைப்பையில வைங்கன்னு யாரும் சொல்லல, நான் சொல்றேன்.

அடுத்த நாள் காலையில கப்பல். பயணிங்க ஏறுற பக்கம் பூவும் மியூசிக்கும், நாங்க ஏறுனது கீழ இரும்புப் பலகை வழியா, பக்கத்துல ஃபோர்க்லிஃப்ட் உருளைக்கிழங்கு ஏத்திக்கிட்டு இருக்கு. பாஸ்போர்ட்டையும் சி.டி.சியையும் க்ரூ ஆஃபீஸ்ல வாங்கிட்டு ஒரு அட்டை குடுத்தாங்க, அதோட ஆபத்து வந்தா நான் எங்க போய் நிக்கணும்னு நம்பர் போட்ட இன்னொரு சின்ன அட்டை. என் கேபின்ல மேல் கட்டில், கீழ் கட்டில் பிலிப்பைன்ஸ்ல இலோய்லோல இருந்து வந்த அண்ணன் ஒருத்தர். அவரு என் காலப் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம தன்னோட பழைய சப்பாத்த நீட்டுனாரு, ரெண்டு சைஸ் பெருசு. முன்னாடி டிஷ்யூ அடைச்சுக்கிட்டு அன்னைக்கு சாயங்காலம் பயிற்சிக்குப் போய் நின்னேன், ஏழு தடவ சின்னதா ஒரு தடவ நீளமா ஹாரன் அடிக்குது, லயத்துல பிரட்டுக்கு (காலையில வேலைக்கு ஆள் கூப்பிடுறது) ஊதுற சங்க விட நூறு மடங்கு சத்தம், எனக்கு முன்னாடி எண்பது வயசு அம்மா ஒருத்தவங்க லைஃப் ஜாக்கெட் எப்படிப் போடுறதுன்னு எனக்கே காட்டிக் குடுக்குறாங்க, அவங்களுக்கு அது ஆறாவது உலகச் சுத்தாம்.

பயணியா போறவங்க கேட்டதுக்கு, அந்த மாதிரி ஆளுங்ககிட்ட நான் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது: யாருமே கப்பல் கெளம்புற அன்னைக்கு ஃப்ளைட்ல வந்து எறங்க மாட்டாங்க, ஒரு நாள் ரெண்டு நாள் முந்தியே வந்து ஹோட்டல்ல தங்கிருவாங்க. பெட்டியக்கூட சிலர் கூரியர்ல முன்கூட்டியே அனுப்பிட்டு கைய வீசிட்டு வருவாங்க. நம்ம இலங்கை பாஸ்போர்ட்டுக்கு இன்னொரு தலைவலி, வழியில விசா கேக்குற நாடுகளுக்கு எல்லாம் கெளம்புறதுக்கு முந்தியே விசா எடுத்திருக்கணும், அமெரிக்காவுக்கே திரும்பி வர்ற கப்பல்னா ரெண்டு தடவ உள்ள நுழையுற விசாவா பாருங்க, பயணம் முடிஞ்சும் ஆறு மாசம் பாஸ்போர்ட் செல்லுபடியாகணும், வெத்துப் பக்கம் நெறைய இருக்கணும். கப்பல விட்டா அடுத்த துறைமுகத்துல ஏறிக்கலாம்னு நெனைக்காதீங்க, செலவு உங்களோடது, அமெரிக்காவுல 1886ல போட்ட ஒரு சட்டம் வேற இருக்கு, வெளிநாட்டுக் கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்துல ஆள ஏத்தி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்துல எறக்குறதுக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு, அதனால ஏறுற எடம் மாறுனாலே சில சமயம் விட மாட்டாங்க.

பனாமா கால்வாய நான் லாண்டரி பக்கத்து வட்ட ஜன்னல் வழியா பத்து நிமிஷம் பாத்தேன், ஜன்னலுக்கு வெளிய ஈரமான சிமெண்ட் சுவர் மெதுவா கீழ எறங்குது, அவ்வளவுதான். கப்பல 26 மீட்டர் ஒசத்துறதுக்கு அவ்வளவு ஏற்பாடு. நம்ம அட்டன் பஸ் ஆயிரத்து இருநூறு மீட்டர ஃபுட்போர்டுல ஆள் தொங்க ஏறிருது.

பேக் பெருவுல காயாவோ துறைமுகத்துல வந்து சேந்துச்சு, தைப்பொங்கலுக்கு மறுநாள். பூட்டு அப்படியே இருக்கு. தொறந்தா தைலப் போத்தல் மூடி கழண்டு எல்லாம் ஒரே வாசம், மிளகாத்தூள் தப்பிச்சுது, தேயிலைதான் போச்சு, தேயிலை பக்கத்துல எது இருந்தாலும் இழுத்துக்கும்னு தேயிலை ஸ்டோர்ல (ஃபேக்டரி) வேலை செஞ்ச எங்க அப்பா சொல்லுவாரு. தூக்கிப் போட மனசு வரல. ஒரு கப் ஊத்துனேன், மூக்கு கிட்ட கொண்டு போனா கண்ணுல தண்ணி வருது. கீழ் கட்டில் அண்ணனுக்கு அன்னைக்கு சளி, வாங்கிக் குடிச்சுப் பாத்துட்டு, இது நல்லா கேக்குது, உங்க ஊர் மருந்தான்னு கேட்டாரு. ஆமான்னு சொல்லிட்டேன். சப்பாத்த திருப்பிக் குடுக்குறப்ப அதுல அரைக் கிலோ குடுத்தேன்.