கோடிங் பண்ணும்போது ராஜா பாட்டு கேக்கலாமா அக்கா?

கேள்வி: அக்கா, மதுரைல வீட்ல இருந்தே வேலை பாக்குறேன், வேலைக்குச் சேந்து ரெண்டு வருஷம் ஆகுது. ஆடி பொறந்ததுல இருந்து எதிர்த்தாப்ல இருக்க மாரியம்மன் கோயில்ல காலைல ஆறு மணிக்கே ஸ்பீக்கர் போட்டுடுறாங்க. அது காதுல விழாம இருக்கணும்னு ஹெட்போன் மாட்டி ராஜா சார் பாட்டு போட்டா, கொஞ்ச நேரத்துல பாட்டுக்குள்ளயே போயிடுறேன், கோட்ல ஒரே ஃபங்ஷனை நாலு தடவ படிக்கிறேன். ஃப்ரெண்ட் அனுப்பின லோ-ஃபை, அதான் பாட்டு வரி இல்லாம மெதுவா ஓடுற இசை, கேட்டா தூக்கம் வருது. ஒண்ணும் போடாம உக்காந்தா வேலை ஓட மாட்டேங்குது. எந்த மாதிரி இசை கேக்கலாம்?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: தம்பி, பாட்டுக்குள்ள போயிடுறேன்னு ஏதோ தப்பு பண்ண மாதிரி எழுதியிருக்கீங்க. சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்த பாட்டு, வரி வரியா தெரியும், சரணம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மனசு அங்க போய் நிக்கும். கோட் படிக்கும்போதும் உள்ள ஒரு குரல் பேசிட்டே வருமில்லயா, இந்த வேரியபிள்ல இப்ப என்ன இருக்கு, லூப் எத்தனாவது சுத்து, இந்த இஃப் உள்ள போகுமா போகாதான்னு, அந்தக் குரலும் பாடுற குரலும் ஒரே இடத்துக்கு அடிச்சுக்குது. இத ரொம்ப காலம் முன்னாடியே சோதிச்சுப் பாத்திருக்காங்க, ஒரு வரிசைய ஞாபகம் வச்சுக்கச் சொல்லிட்டு பின்னாடி பேச்சு ஓட விட்டா தப்பு கூடுது, புரியாத பாஷைல பேசினாலும் கூடுது. அதனால கொரியன் பாட்டுக்கு மாறிடலாம்னு நெனச்சா அதுவும் முழுசா கைகொடுக்காது. வரி இல்லாத இசைல இந்தத் தொந்தரவு கம்மி, ஃபேன் ஓடுற மாதிரி ஒரே சீரான சத்தத்துல இன்னும் கம்மி.

ஆனா வரி மட்டும்தான் பிரச்சனைன்னு நான் சொல்ல மாட்டேன். 1987ல டாம் டிமார்கோ, டிமத்தி லிஸ்டர்னு ரெண்டு பேர் எழுதின 'பீப்பிள்வேர்' புத்தகத்துல ஒரு சோதனை பத்தி வரும். 1960கள்ல கார்னெல் யுனிவர்சிட்டில கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்கள ரெண்டு ரூம்ல உக்கார வச்சு, ஒரு ரூம்ல நிசப்தம், இன்னொண்ணுல இயர்போன்ல பாட்டு, ரெண்டு ரூமுக்கும் ஒரே கணக்கு, ஃபோர்ட்ரான்ங்கற கம்ப்யூட்டர் மொழில எழுதணும். வேகத்துலயும் சரி, சரியா எழுதறதுலயும் சரி, பெரிசா வித்தியாசம் இல்ல. ஆனா அந்தக் கணக்குல யாருக்கும் சொல்லாத ஒரு விஷயம் இருந்துச்சு. நம்பர ரெண்டு இடம் இடப்பக்கம் தள்ளு, 100ஆல வகு, இப்படியே ஏகப்பட்ட வேலை செய்யச் சொல்லி, கடைசில உள்ள போன நம்பரே அப்படியே வெளிய வரும், அதாவது ஒண்ணுமே செய்யத் தேவையில்ல. இத கண்டுபிடிச்ச சில பேர்ல பெரும்பாலானவங்க நிசப்தமா இருந்த ரூம்காரங்க.

இத படிச்சப்ப எனக்கு ஒரு ராத்திரி ஞாபகம் வந்துச்சு. அட்டெண்டன்ஸ் ரிப்போர்ட் ஒண்ணு, சில பேரோட என்ட்ரி மட்டும் முந்தின நாள் தேதில வருது. ஸ்பீக்கர்ல பாட்டு ஓடிட்டிருக்கு, நானும் ரொம்ப உற்சாகமா டேட்டாபேஸ்ல இருந்து தகவல் எடுக்குற குவெரிய மாத்தி மாத்தி ஓட்டுறேன், மூணு மணி நேரம். திடீர்னு கரன்ட் போச்சு. ஸ்பீக்கர் நின்னுச்சு, ஃபேன் நின்னுச்சு, லேப்டாப் மட்டும் பேட்டரில இருக்கு. வைஃபையும் இல்ல, எதையும் ஓட்ட முடியாது, வேற வழியில்லாம திரைல இருந்த லிஸ்ட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். 12:40, 2:15, 4:50, 5:20. தப்பா வந்த ஒரு என்ட்ரி கூட காலைல அஞ்சரைக்கு மேல இல்ல. சர்வர் யுடிசிங்கற உலகப் பொது நேரத்துல தேதி எடுக்குது, நம்ம நேரம் அதுக்கு அஞ்சரை மணி நேரம் முன்னாடி, அவ்வளவுதான் விஷயம். அதுவரைக்கும் என் கை வேலை செஞ்சிட்டு இருந்துச்சு, நான் பாக்கவே இல்ல.

அதனால தம்பி, எந்தப் பாட்டுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி இப்ப செய்யப் போறது எந்த வேலைன்னு பாருங்க. நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு எல்லாம் கைக்குப் பழகின வேலைக்கு வந்த பாட்டுதான். இங்கிலாந்துல 1940ல, உலகப்போர் நேரத்துல, பிபிசி ஃபேக்டரி தொழிலாளிங்களுக்குன்னே தினமும் ரேடியோல இசை போட ஆரம்பிச்சாங்க, அதுலயும் கைதட்டுற இடம் வர்ற ஒரு பாட்ட வேண்டாம்னு ஒதுக்கிட்டாங்க, கேட்டா டூல விட்டுட்டு தட்ட ஆரம்பிச்சிடுவாங்கன்னு. நமக்கும் அப்படி வேலை இருக்கு: வேரியபிள் பேர் மாத்தறது, கோட சோதிக்க ஒரே மாதிரி இருவது டெஸ்ட் எழுதறது, பழைய ஃபைல ஒழுங்குபடுத்தறது. அதுக்கு ராஜா சார தாராளமா போடுங்க, கூடவே பாடுங்க. புது டிசைன் யோசிக்கறப்பவும் கோட்ல பிடிபடாத தப்பு, அதான் பக், தேடுறப்பவும் நிறுத்திடுங்க.

அதுக்காக பாட்டே வேண்டாம்னு சொல்லல. 2005ல வெளிவந்த ஒரு ஆய்வுல, கனடாவுல நாலு கம்பெனில 56 டெவலப்பர்கள அஞ்சு வாரம் பாத்தாங்க, இசை இல்லாத நாட்கள்ல வேலைத் தரமும் குறைஞ்சது, நேரமும் கூட ஆச்சு. மனசு சரியா இருந்தாதான் வேலை ஓடும், நீங்க சொல்றதும் அதுதானே.

நடுவுல இருக்க வேலைக்கு, அதாவது என்ன எழுதணும்னு தெரியும் ஆனா கவனமும் வேணும்ங்கற வேலைக்கு, வீணை ஆலாபனை கேட்டுப் பாருங்க. வரி கிடையாது, தாளம் கிடையாது, ராகம் மெதுவா விரியும், இருவது நிமிஷம் போனதே தெரியாது, லோ-ஃபை மாதிரி ஒரே அடி திரும்பத் திரும்ப விழுந்து கண்ணு சொக்காது. மிருதங்கம் மட்டும் வாசிக்கற தனி ஆவர்த்தனம் வந்தா அடுத்ததுக்கு மாத்திடுங்க, கை தானா தொடைல தாளம் போட ஆரம்பிச்சிடும். சினிமா பாட்ட வீணைல வாசிச்சது, கீபோர்ட்ல வாசிச்சது எல்லாம் வேண்டாம், வரி இல்லைன்னு நாம நெனப்போம், மனசு விடாம பாடிட்டே இருக்கும். ராஜா சாரோட 1986 இசைத்தொகுப்பு 'ஹவ் டு நேம் இட்' கேக்கலாமேன்னு தோணும். தயவுசெஞ்சு அத வேலைக்குப் பின்னாடி ஓட விடாதீங்க. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் ஜே.எஸ். பாக்குக்கும் காணிக்கையாக்கின இசை அது, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வேற எதுவும் செய்யாம உக்காந்து கேளுங்க.

கோயில் ஸ்பீக்கர் விஷயம் வேற. எல்.ஆர்.ஈஸ்வரி அம்மா குரலுக்கு மேல இன்னொரு குரல ஏத்தினா ரெண்டும் சேந்துதான் காதுல விழும், அதை முழுங்கணும்னு நீங்க சவுண்ட கூட்டிட்டே போவீங்க. மழை பெய்யுற சத்தம், அருவி சத்தம் மாதிரி ஏதாவது போடுங்க, குரலோட முனை மழுங்கிடும், அது போதும். 80 டெசிபெல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் கேக்கலாம், 90 ஆனா நாலே மணி நேரம்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, உங்களுக்கு ஆபீஸ் நேரமே 40 தாண்டும். ஹெட்போன் மாட்டியிருக்கும்போது அம்மா அடுப்படில இருந்து சாப்பிடக் கூப்பிட்டா உங்களுக்குக் கேக்கணும், சவுண்ட அதுக்கு மேல வைக்காதீங்க.