படம் ஆடுகிறது

வணக்கம் சார்,

இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. என் பெயர் வேண்டாம்.

போன வாரம் ஒரு ராத்திரி, சாப்பிட்டுக்கொண்டே போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மனிதரை நடுரோட்டில் போட்டு அடிக்கும் வீடியோ வந்தது. யாரோ தூரத்தில் நின்று எடுத்தது. முழுக்கப் பார்த்தேன். எனக்கு வந்த ஒரே உணர்ச்சி எரிச்சல். படம் ஆடிக்கொண்டே இருக்கிறது, ஒழுங்காக எதுவும் தெரியவில்லை என்று. அடுத்ததற்குப் போய்விட்டேன். இரண்டு வீடியோ தாண்டிய பிறகுதான் எதற்கு எரிச்சல்பட்டேன் என்பது உறைத்தது. உடனே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை, சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

சின்ன வயதில் சினிமாவில் கத்தியைக் காட்டினாலே அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். இப்போது கொலைத் தொடர்களைப் பார்த்தபடியே தூங்கிப்போகிறேன். மனசு மரத்துப்போய்விட்டதா சார்? போனது திரும்ப வருமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று என் பத்து வயது மகன் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "இது நிஜமாம்மா, படமா?" என்று கேட்டான். பதில் சொல்லாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவனும் மறந்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

ஒரு வாசகி

*

அன்புள்ள நண்பருக்கு,

சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். இந்த மாதிரிக் கடிதங்களில் பெரும்பாலும் அந்த இடத்தில் கண்ணீர் வந்துவிடும்.

மரத்துப்போவது என்கிறீர்கள். காலை மடித்து வெகுநேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகும். எழுந்து நாலடி நடந்தால் சுருக்சுருக்கென்று குத்தும், அப்புறம் சரியாகிவிடும். இதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லும் நம்மிடம் இருக்கிறது: காய்த்துப்போவது. மண்வெட்டி பிடிக்கிற உள்ளங்கை காய்த்துப்போகும். தேய்கிற இடத்தில் மட்டும் தோல் தடித்துக்கொள்ளும். அதே கையில் வேறு இடத்தில் முள் குத்தினால் வலிக்கத்தான் செய்யும். உங்களுக்கு நடந்திருப்பதில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்லிசியா என்று ஒரு கடல் நத்தை உண்டு. எரிக் கேண்டல் என்ற விஞ்ஞானி வருடக்கணக்கில் அதைக் கட்டிக்கொண்டு அழுது, கடைசியில் 2000-ல் நோபல் பரிசும் வாங்கினார். அதன் உடம்பில் நீர் வெளியேறும் குழாயை லேசாகத் தொட்டால் செவுளை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். பத்து முறை தொடுங்கள், இழுப்பது குறைந்துகொண்டே வரும். இதனால் ஆபத்தில்லை என்று அந்தச் சின்ன உயிர் கற்றுக்கொண்டுவிட்டது. அதோடு விட்டால் சீக்கிரமே பழையபடி இழுக்கத் தொடங்கிவிடும். ஆனால் கேண்டலின் குழு 1972-ல் வெளியிட்ட சோதனையில், பத்துப் பத்துத் தொடலாக, இடைவெளி விட்டு நாலு தவணை கொடுத்தார்கள். அலட்சியம் மூன்று வாரம் வரை நீடித்தது. நத்தைக்குக் கதை தெரியாது, கதாபாத்திரம் தெரியாது, அதை வைத்து மனிதர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். இருந்தாலும் தினமும் தூங்கப்போகும் முன் ஒரு கொலை என்ற உங்கள் ஏற்பாடு அந்த ஆய்வுக்கூடத்தின் கால அட்டவணை மாதிரியே இருக்கிறது.

திரும்ப வருமா என்று கேட்டீர்கள். அதே நத்தையின் வாலில் ஒரு அதிர்ச்சி கொடுத்தால், செவுள் மறுபடி முழு வேகத்தில் உள்ளே போகிறது.

இப்படிப் பழகிப்போவது நோய் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் 1950-களில் இதே பழக்கத்தைத்தான் மருந்தாக்கினார். பயப்படுகிற பொருளைச் சிறுகச் சிறுக, உடம்பைத் தளர்வாக வைத்துக்கொண்டு சந்திக்க வைப்பது. ரத்தத்தைக் கண்டு கை நடுங்குகிற அறுவை மருத்துவரிடம் நாம் யாரும் போகமாட்டோம்.

சரி, மனிதர்களை வைத்து என்ன அளந்திருக்கிறார்கள்? தொல்காப்பியர் உணர்ச்சியைப் பேசும்போது மெய்ப்பாடு என்கிறார், மெய்யில் தோன்றுவது. ஆய்வாளர்கள் கருவி வைத்து அளப்பதும் அதைத்தான். 2007-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், வன்முறை மிகுந்த வீடியோ கேமை 20 நிமிடம் விளையாடியவர்களுக்கு நிஜமான வன்முறைக் காட்சிகளைக் காட்டினார்கள். வேறு கேம் விளையாடியவர்களைவிட இவர்களின் இதயத்துடிப்பும், தோலில் வியர்வை ஊறும் அளவும் குறைவாக இருந்தன. 2009-ல் இன்னொன்று, தியேட்டர் வாசலில் நடந்தது. காலில் கட்டுப் போட்ட ஒரு பெண் ஊன்றுகோலைத் தவறவிட்டுக் குனிந்து தடுமாறுகிறாள், அது நடிப்பு. வன்முறைப் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் உதவப் போக 26 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். எதிர்த் தரப்பும் இருக்கிறது. 2018-ல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில் பெரியவர்களை இரண்டு மாதம் தினமும் வன்முறை வீடியோ கேமை ஆட விட்டுப் பார்த்தார்கள். ஆக்ரோஷமும் கூடவில்லை, பரிவும் குறையவில்லை. இந்தத் துறையில் சண்டை இன்னும் ஓயவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கால் மரத்த கதைதான் எனக்குத் தெரிகிறது. கொஞ்ச நேரத்துக்கு உண்டு. நிரந்தரமாகக் கல்லாகிவிட்டோம் என்பதை யாரும் நிறுவவில்லை.

ஆனால் உங்களை உறுத்துவது இதயத்துடிப்பு இல்லையே. பார்த்துப் பார்த்து இப்படி ஆகிவிட்டோம் என்பதுதானே. அந்தக் கணக்குப்படி உலகத்திலேயே அதிகமாக மரத்துப்போயிருக்க வேண்டியவர்கள், சமூக ஊடக நிறுவனங்களுக்காக உட்கார்ந்து கொடூரமான வீடியோக்களை வடிகட்டுகிறவர்கள். நடந்தது வேறு. அமெரிக்காவில் ஃபேஸ்புக்குக்காக அந்த வேலை பார்த்தவர்கள், மனம் சிதைந்துவிட்டது என்று வழக்குப் போட்டார்கள். 2020-ல் அந்த நிறுவனம் 5.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2013-ல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு எடுத்த ஆய்வு ஒன்றும் இப்படித்தான். அந்த வாரம் தினமும் 6 மணி நேரமோ அதற்கு மேலோ அதே செய்தியைப் பார்த்தவர்களிடம், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிகமான பதற்றம் தெரிந்தது. நீங்கள் அப்படி ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அவர்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசிக்கிறேன். அவர்கள் அதிலேயே நின்றார்கள். வடிகட்டுகிறவர் கண்ணை எடுக்க முடியாது, இதில் இருப்பது குழந்தையா, செத்துவிட்டானா, இது நிஜமா என்று முடிவு செய்தாக வேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை, தள்ளிவிடலாம். காய்ப்பு எங்கே என்று கேட்டால் கட்டைவிரலில் என்பேன்.

படம் ஆடியதற்கு வந்த எரிச்சலுக்கும் காரணம் இருக்கிறது. சினிமாவில் எலும்பு முறியும் சத்தம் பெரும்பாலும் காய்கறித் தண்டை முறித்து எடுத்தது. நிஜமான அடிக்கு அவ்வளவு நல்ல சத்தம் வராது. தொடர்களில் அடி விழுகிற கணம் பளிச்சென்று, நல்ல வெளிச்சத்தில், சரியான கோணத்தில் இருக்கும். விழுந்தவன் அடுத்த ஷாட்டில் இருக்கமாட்டான். அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆறு வாரமோ, பிறகு வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதோ கதைக்குத் தேவையில்லை, கேமரா அடித்தவன் பின்னால் போய்விடும். இருபது வருடம் இதைப் பார்த்துப் பழகிய கண், நிஜத்தைப் பார்த்ததும் இதை மோசமாக எடுத்திருக்கிறார்கள் என்று புகார் சொல்கிறது. ரத்தத்துக்குப் பழகியதைவிட, விழுந்தவன் காணாமல் போவதற்குப் பழகியதுதான் பெரிய நஷ்டம் என்பது என் கட்சி.

இதை மேடையில் நின்று சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு நாளிதழில் இரவு வேலை பார்த்தேன். செய்தி நிறுவனங்களின் படங்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். குண்டுவெடிப்பு, ரயில் விபத்து, கலவரம். மூன்றே மாதத்தில், "இதில் லைட்டிங் நல்லா இருக்கு, இதையே போட்டுடலாம்" என்று பேசப் பழகிவிட்டேன். அங்கிருந்த மூத்தவர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். உபதேசம் எதுவும் செய்யவில்லை. படங்களுக்குக் கீழே இரண்டு வரி விவரம் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார், அவ்வளவுதான். படத்தில் இருப்பது யார், என்ன வயது, எந்த ஊர், தூக்கி வைத்திருப்பது மகனையா தம்பியையா. தப்பாகப் போட்டால் மறுநாள் திருத்தம் போட வேண்டும், அதனால் நிருபருக்குப் போன் போட்டுக் கேட்டாக வேண்டும். லைட்டிங்கைப் பற்றிப் பேசுவது தானாக நின்றுபோயிற்று. ஒரு ராத்திரி மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் படத்தில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையில் நிற்கும் ஒரு தகப்பன். தேடுவது மூத்த மகனையா இளையவனையா என்று கேட்டு எழுத வேண்டியிருந்தது. கேட்டோம். இரண்டு பேரையும்.

போனில் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தி வையுங்கள், ஒரு நிமிட வேலை. தூக்கத்துக்குக் கொலைத் தொடர் வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். நான் துப்பறியும் கதை படித்துத்தான் தூங்குகிறேன், எனக்கு அதைச் சொல்ல யோக்கியதை இல்லை.

மகன் மறந்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. நிஜமா படமா என்று கேட்டது நல்ல கேள்வி. எவ்வளவு வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் குழந்தைகள் அதைக் கேட்பார்கள். இப்போது கம்ப்யூட்டரே வீடியோ செய்துவிடுகிற காலம், அதனால் அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இன்னும் உங்களிடமும் இல்லை. தேடிப் பாருங்கள். எந்த ஊர், எந்தத் தேதி, செய்தி ஏதாவது வந்திருக்கிறதா. வேறெங்கோ எப்போதோ நடந்ததைப் புதுக்கதை ஒட்டிச் சுற்ற விட்டிருக்கவும் கூடும். நிஜம்தான் என்று தெரிந்தால் அவனிடம் சொல்லுங்கள். "அப்புறம் அந்த ஆளுக்கு என்ன ஆச்சு?" என்பான். வீடியோவில் அது இருக்காது, அதையும் தேட வேண்டியிருக்கும். கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அவர் பிழைத்தாரா என்று உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து கேட்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்.